நான்கு பக்கங்களில் ஒரு தொடக்கம்

அண்டத்தை எண்ணிய நகரம் – 11

1955 ஏப்ரல் 18 அன்று பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைன் காலமானார். ஒரு மாதம்கூடக் கழியவில்லை. மே மாத நடுவில் வெளிவந்த ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழின் 1123ஆம் பக்கத்தில் ஒரு சிறிய கட்டுரை தொடங்கி 1126ஆம் பக்கத்தில் முடிந்தது. தலைப்பு, ‘சார்பியல் அண்டவியல் – 1’. எழுதியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த அமல் குமார் ராய்சௌதுரி. வயது 31. முனைவர் பட்டம் கிடையாது. பொதுச் சார்பியலில் அவருக்கென்று ஓர் ஆய்வு நெறியாளரும் கிடையாது.

கட்டுரைச் சுருக்கம் இரண்டே வாக்கியம். சார்பியல் அண்டவியலில் பொதுவாகச் செல்லுபடியாகும் சில தொடர்புகளைத் தருகிறோம் என்கிறது முதல் வாக்கியம். சுழற்சியைச் சேர்க்காமல், திசைக்குத் திசை வேறுபடும் அண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இருக்கிற சிக்கல் எதுவும் தீராது என்கிறது இரண்டாம் வாக்கியம். அடக்கமாக எழுதப்பட்ட அந்த இரண்டாம் வாக்கியத்துக்குள்தான் இருபதாம் நூற்றாண்டின் ஆகப் பெரிய கேள்விகளில் ஒன்று இருந்தது: இந்தப் பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தே ஆகவேண்டுமா?

சென்ற இதழில் மேகநாத் சாகாவையும் சத்யேந்திரநாத் போஸையும் பார்த்தோம். ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை அந்த இருவரும் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். மகாலனோபிஸ் முன்னுரை எழுத, 1920இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது. அதே ஆண்டு சாகா கண்ட அயனியாக்கச் சமன்பாடு சூரியனின் வெளிப்படலத்துக்காக எழுதப்பட்டது. அண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில், வெப்பம் 3,000 கெல்வினுக்கு இறங்கியபோது எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து ஹைட்ரஜன் ஆன கட்டத்தைக் கணக்கிட, பின்னாளில் மாணவர்கள் முதலில் எடுத்துக்கொள்வதும் அதே சமன்பாட்டைத்தான். ஆனால் சாகாவோ போஸோ தொடக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டவர் அவர்களுக்கு ஒரு தலைமுறை பிந்தியவர்.

ராய்சௌதுரி 1923 செப்டம்பர் 14 அன்று, இன்று வங்கதேசத்தில் இருக்கும் பரிசாலில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் கொல்கத்தாவுக்கு வந்துவிட்டது. தந்தை பள்ளியில் கணித ஆசிரியர். மகனுக்குக் கணிதம் வீட்டிலேயே கிடைத்தது. இந்து பள்ளி, பிறகு கல்லூரித் தெருவில் பிரெசிடென்சி கல்லூரி. 1942இல் பி.எஸ்ஸி., 1944இல் எம்.எஸ்ஸி. இந்த இரண்டு பட்டங்களுக்கும் நடுவில் கொல்கத்தா பார்த்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானிய விமானங்கள் நகரின்மேல் குண்டு போட்டன. 1943இன் பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் நடைபாதைகளில் செத்து விழுந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டுகளில் ஒரு இளைஞன் இயற்பியலில் முதுநிலைப் பட்டம் வாங்கி வெளியே வந்தான்.

1945இல் ‘இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழக’த்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். நமக்கு இந்தக் கழகம் அந்நியமில்லை. 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கியது. திருச்சியில் பிறந்த ராமன், அரசாங்கக் கணக்குத் துறை வேலைக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்துக்குள் நுழைந்து சோதனை செய்ததும், கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928இல் ஒளிச்சிதறலில் தன் பெயர் தாங்கிய விளைவைக் கண்டதும் இங்கேதான். அந்தப் பெருமை நிறைந்த நிறுவனத்தில் ராய்சௌதுரிக்கு வாய்த்தவை நான்கு வறண்ட ஆண்டுகள். அவர் கை சோதனைக்கு ஏற்ற கை அல்ல. நான்கு ஆண்டு ஆய்வகத்தில் நின்றும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு முடிவும் வரவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1949இல் தென் கொல்கத்தாவின் ஆசுதோஷ் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

சோதனையில் தோற்றவர் அந்த நாட்களில்தான் வகையீட்டு வடிவியலையும் பொதுச் சார்பியலையும் தானே புத்தகம் வைத்துப் படிக்கத் தொடங்கினார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ராய்சௌதுரியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரை ஒரு ஏகலைவனாகக் காட்ட விரும்புகிறார்கள். தனியாக உழைத்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டில் உழைக்கவில்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுக் கணிதத் துறையில் நிகில் ரஞ்சன் சென் இருந்தார். 1920களில் பெர்லின் சென்று மாக்ஸ் ஃபான் லாவேயிடம் சார்பியல் பயின்றவர். அவரைச் சுற்றி ஒரு சிறு வட்டம் உருவாகியிருந்தது. அந்த வட்டத்தைச் சேர்ந்த பி. தத் 1938இல் ஜெர்மன் இதழொன்றில், சமச்சீராக விழும் தூசுக்கோளத்துக்கான விடையை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் தன் எடையால் தானே முழுவதுமாகச் சரிவதை ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் கணக்கிட்ட புகழ்பெற்ற கட்டுரை வந்தது 1939இல். தத் ஓராண்டு முந்தியவர். உலகம் அவரை வெகு காலம் மறந்திருந்தது. அதற்கும் சில ஆண்டுகள் முன்பே, வெண்குள்ளன்களுக்கு ஓர் எடை வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் சரிவு நிற்காது என்று நம் சந்திரசேகர் லண்டனில் சொல்லி எடிங்டனிடம் ஏச்சு வாங்கியிருந்தார். ஆகவே ‘எல்லாம் ஒரு புள்ளியில் போய்ச் சரியுமா’ என்ற கேள்வி கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. ராய்சௌதுரி அந்தக் கேள்வியின் வாரிசு.

கேள்வி அண்டத்தின்மேல் திரும்பியதற்குத் தனிக் காரணம் உண்டு. 1922இல் ரஷ்யர் ஃபிரீட்மனும் 1927இல் பெல்ஜியப் பாதிரியார் லெமேத்ரும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து விரிகிற அண்டத்தை வருவித்தார்கள். 1929இல் ஹப்பிள் அதற்குச் சான்று கொடுத்தார். விரிகிற ஒன்றைப் பின்னோக்கி ஓட்டினால் சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டத்தில் கன அளவு பூச்சியம், அடர்த்தி முடிவிலி. இதைத்தான் ஒருமைப்புள்ளி என்கிறோம். கணிதம் அங்கே நின்றுவிடும். ஐன்ஸ்டைன் உட்படப் பலருக்கும் அது பிடிக்கவில்லை. அவர்கள் சொன்ன சமாதானம் நியாயமானதாகவே இருந்தது: ஃபிரீட்மனின் அண்டம் எல்லா இடத்திலும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதாக வைத்துக்கொள்வதால்தான் எல்லாம் ஒரே இடத்தில் வந்து மோதுகிறது, உண்மையான அண்டம் மேடும் பள்ளமுமானது, பின்னோக்கி ஓட்டினால் துகள்கள் ஒன்றையொன்று இலேசாகத் தவறவிட்டு விலகிப் போய்விடும்.

இன்னொரு சிக்கல் வயது. அண்டம் விரியும் வீதத்தைச் சொல்லும் ஹப்பிள் எண்ணை அன்று சுமார் 500 என்று அளந்திருந்தார்கள். அதன் தலைகீழ் கிட்டத்தட்ட 200 கோடி ஆண்டு. ஃபிரீட்மனின் கணக்கில் ஈர்ப்பு விரிவைத் தடுத்துக்கொண்டே வருவதால் அண்டத்தின் வயது அதிலும் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். பூமிப் பாறைகளின் கதிரியக்கமோ அதைவிடக் கூடுதலான வயதைச் சொன்னது. பிள்ளை தாயைவிட மூத்தது என்றால் கணக்கில் எங்கோ தவறு. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் மூவரும் தொடக்கமே இல்லாத நிலைமாறா அண்டத்தை முன்வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1949இல் கர்ட் கோடெல், ஐன்ஸ்டைனின் எழுபதாவது பிறந்தநாள் சிறப்பிதழில், முழுதாகச் சுழல்கிற ஓர் அண்டத்தை விடையாகக் கொடுத்தார். அதில் ஒருமைப்புள்ளி இல்லை. ஆகா, சுழற்சி காப்பாற்றுமோ?

ராய்சௌதுரி இங்கே உள்ளே நுழைகிறார். 1951 முதல் ‘பிசிக்கல் ரிவ்யூ’வில் அவருடைய கட்டுரைகள் வரத் தொடங்கியிருந்தன. 1952இல் விரியும் அண்டத்தில் பொருள் திரள்வது பற்றி, 1953இல் ஷ்வார்ட்ஸ்சைல்டின் ஒருமை பற்றி. 1952இல் அறிவியல் வளர்ச்சிக் கழகம் அவரை ஆய்வு அலுவலராக மறுபடி அழைத்துக்கொண்டது. ஆனால் அங்கே அவர் செய்யவேண்டியிருந்தது உலோகங்களின் பண்புகள் பற்றிய வேலை. சார்பியலை யாரும் கேட்கவில்லை. சம்பளத்துக்கு ஒரு வேலை, மனதுக்கு ஒரு வேலை என்று நாட்களைப் பிரித்துக்கொண்டவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்த நெருக்கடியில்தான் அந்த நான்கு பக்கம் எழுதப்பட்டது. 1953இலேயே அனுப்பிவிட்டார். அச்சில் பார்க்க 1955 ஆயிற்று.

அவர் செய்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வாசகர்கள் பயப்பட வேண்டாம். குறியீடு ஒன்றும் எழுதப் போவதில்லை.

அதுவரை எல்லோரும் செய்தது, முதலில் அண்டத்தின் வடிவத்தை ஊகித்துக்கொண்டு அதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் போட்டு விடை காண்பது. ராய்சௌதுரி வடிவத்தைப் பற்றி எதையும் ஊகிக்கவில்லை. ஈர்ப்பைத் தவிர வேறு எதுவும் தள்ளாத, இழுக்காத துகள்கள். அண்டத்தின் ஏதோ ஒரு மூலையில், அத்தகைய துகள்களின் ஒரு சிறு தொகுதி. ஒவ்வொன்றும் தன் பாதையில் போகிறது. அந்தச் சிறு தொகுதியின் கன அளவு எப்படி மாறுகிறது? இது மட்டும்தான் அவர் கேட்டது. எந்த அண்டத்துக்கும் பொருந்தும் கேள்வி. எந்த இடத்துக்கும் பொருந்தும் கேள்வி.

கன அளவு கூடும் வீதத்துக்கு விரிவு என்று பேர். அந்த விரிவு காலப்போக்கில் எப்படி மாறும் என்பதற்கு நான்கு உறுப்புகள் கொண்ட ஒரு சமன்பாடு கிடைக்கிறது. முதல் உறுப்பு விரிவின் இருமடியில் மூன்றில் ஒரு பங்கு, குறைக்குறியோடு. இரண்டாவது நெளிவு: சப்பாத்தி மாவு உருண்டையைக் கையால் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் அமுக்கினால் மாவின் அளவு மாறாமல் உருவம் மட்டும் மாறுகிறதே, அது. அதன் இருமடிக்கும் குறைக்குறிதான். மூன்றாவது சுழற்சி. அதன் இருமடிக்குக் கூட்டல்குறி. சுழல்வது விலகத்தான் பார்க்கும். நான்காவது, அங்கே இருக்கும் பொருளின் ஈர்ப்பு. சாதாரணப் பொருள் எதுவானாலும் அதற்கும் குறைக்குறி.

எதிரிகள் யார், நண்பர்கள் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. விரிவைத் தடுத்துக் குவியச் செய்பவை மூன்று, எதிர்ப்பது சுழற்சி ஒன்றே. மேடுபள்ளம் இருந்தால் துகள்கள் தவறவிட்டு விலகும் என்று நம்பியவர்களுக்கு இது பலத்த அடி. மேடுபள்ளத்தால் வருவது நெளிவு. நெளிவோ குவிதலைத் தடுப்பதில்லை, துரிதப்படுத்துகிறது. சுழற்சி இல்லாவிட்டால், இன்றைய விரிவைப் பின்னோக்கி ஓட்டும்போது ஹப்பிள் எண்ணின் தலைகீழைவிடக் குறைந்த காலத்துக்குள் கன அளவு பூச்சியமாகிவிடும். திசைக்குத் திசை வேறுபாட்டைச் சேர்த்தால் அண்டத்தின் வயது நீளாது, குறையும். கட்டுரைச் சுருக்கத்தின் இரண்டாம் வாக்கியம் சொன்னது இதைத்தான். வயதுச் சிக்கல் வேறு வழியில் தீர்ந்தது. 1952இல் வால்டர் பாடே தொலைவுகளைத் திருத்தி அண்டத்தின் அளவை இரட்டிப்பாக்கியதில் தொடங்கி, ஹப்பிள் எண் படிப்படியாக இறங்கி இன்று 70 அருகில் நிற்கிறது. ஒருமைப்புள்ளி மட்டும் போகவில்லை.

எனக்கு இந்தச் சமன்பாட்டில் மிகவும் பிடித்தது அதன் கூச்சம். அண்டம் இப்படித்தான் தொடங்கியது என்று அது சொல்வதில்லை. இன்னின்னது இருந்தால் இதற்கு மேல் போகமுடியாது என்று மட்டும் சொல்கிறது. ஊகத்தைக் குறைக்கக் குறைக்க முடிவின் பலம் கூடும் என்பதற்கு இயற்பியலில் இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முதலில் கவனித்தது ஹாம்பர்க். அங்கே ஓட்டோ ஹெக்மனும் எங்கல்பர்ட் ஷூக்கிங்கும் இதையொட்டிய கேள்விகளில் இருந்தார்கள். 1955இலேயே ராய்சௌதுரியின் கட்டுரையைத் தங்கள் எழுத்தில் எடுத்தாண்டார்கள். ரஷ்யாவில் லாந்தாவும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்ததால் சிலர் இரு பெயராலும் இதைச் சொல்வதுண்டு. கொல்கத்தாவில்? நகரத்துக்குள் சார்பியலை விவாதிக்க ஆள் குறைவு. வெளிநாட்டு இதழ் கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும். 1959இல் அவர் டி.எஸ்ஸி. பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தார். தேர்வாளர்களில் ஒருவரான பிரின்ஸ்டனின் ஜான் வீலர் அதைத் தனியாகப் பாராட்டி எழுதினார். 1961இல், தான் படித்த பிரெசிடென்சி கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். மாணவர்களுக்கு அவர் ‘ஏ.கே.ஆர்.’. பட்ட வகுப்புப் பையன்களுக்கும் பெண்களுக்கும் இயக்கவியலும் மின்காந்தவியலும் நடத்துவதிலேயே அடுத்த இருபது ஆண்டுக்கு மேல் கழித்தார். சரக்கோட்பாட்டில் உலகப் புகழ்பெற்ற அசோக் சென் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்.

சுழற்சி என்ற ஒரு வாசல் மட்டும் இன்னும் திறந்திருந்தது. 1963இல் லிஃப்ஷிட்ஸும் கலாத்னிகோவும், பொதுவான அண்டத்தில் ஒருமைப்புள்ளி வராது என்று ரஷ்யாவிலிருந்து அறிவித்தார்கள். 1965 ஜனவரியில் லண்டன் பர்க்பெக் கல்லூரியின் ராஜர் பென்ரோஸ் அந்த வாசலை அடைத்தார், முதலில் சரியும் நட்சத்திரத்துக்கு. ஒளிகூட வெளியேறாமல் உள்ளேயே குவியும் ஒரு மேற்பரப்பு உருவாகிவிட்டால், சமச்சீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தப்பிக்க வழியில்லை என்று அவர் காட்டினார். குவிகிறது என்று அவர் நிறுவிய அந்த அடியில் வேலை செய்வது ராய்சௌதுரியின் சமன்பாடு, ஒளிக்கதிர்களுக்கு ஏற்ற வடிவில். கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஹாக்கிங் அதே வாதத்தை அண்டத்தின்மேல் பின்னோக்கித் திருப்பினார். 1970இல் இருவரும் சேர்ந்து தேற்றத்தை நிறைவு செய்தார்கள். ரஷ்யர்கள் தங்கள் முடிவை நேர்மையாகத் திரும்பப் பெற்றார்கள். 1973இல் ஹாக்கிங்கும் எல்லிஸும் எழுதிய பெரிய நூலில் ‘ராய்சௌதுரி சமன்பாடு’ நிலையான பெயராகிவிட்டது. கல்லூரித் தெருவில் சுண்ணக்கட்டி பிடித்துக்கொண்டிருந்தவருக்கு இந்த அங்கீகாரம் மெதுவாகத்தான், சுற்றி வளைத்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தது.

இனி பெருவீக்கத்துக்கு வருவோம். 1979இல் ராய்சௌதுரியின் ‘கோட்பாட்டு அண்டவியல்’ என்ற ஆங்கில நூலை ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஓர் இரவு, முப்பத்திரண்டு வயது ஆலன் கூத் தன் குறிப்பேட்டில் ஒரு கணக்கைப் போட்டார். ஒற்றைக் காந்தமுனைகள் ஏன் எங்குமே தென்படவில்லை என்று ஹென்றி டையோடு சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். அண்டம் பிறந்து ஒரு நொடியின் கோடி கோடி கோடி கோடி கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், வெற்றிடத்தின் ஆற்றலே அண்டத்தை ஆட்கொண்டிருந்தால்? அது இரட்டித்து இரட்டித்து விரியும். நீளத்தில் 10இன் 26ஆம் அடுக்கு மடங்காவது. இதுதான் பெருவீக்கம்.

இந்த ஊகம் ஏன் எல்லோரையும் கவர்ந்தது? வானத்தின் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வரும் நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு இரண்டும் 2.7 கெல்வின், வேறுபாடு இலட்சத்தில் ஒரு பங்கு அளவே. 3,80,000 ஆண்டுக்குள் ஒளிகூட அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே போய்வந்திருக்க முடியாது. பார்த்துப் பேசாத இருவர் ஒரே விடையை எழுதியது எப்படி? பெருவீக்கத்துக்கு முன் அவை அடுத்தடுத்து இருந்தன என்றால் விளங்கும். வெளி ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதற்கும் அதே விடை. மாஸ்கோவில் ஸ்டாரோபின்ஸ்கி 1980இலேயே வேறு வழியாக இதே போன்ற விரிவுக்கு வந்திருந்தார். கூத்தின் கட்டுரை 1981இல் வெளிவந்தது. அதில் வீக்கம் சரியாக முடிய மறுத்தது. 1982இல் லிண்டேயும், தனியாக ஆல்பிரெக்ட்–ஸ்டைன்ஹார்ட் இருவரும் அதைச் செப்பனிட்டார்கள். வெற்றிடத்தின் குவாண்டம் நடுக்கங்களே பெருவீக்கத்தில் நீண்டு பின்னாளில் விண்மீன் திரள்களுக்கு விதையாயின என்ற கணக்கு, 1992இல் கோபே, பிறகு டபிள்யூமேப், பிளாங்க் ஆகிய செயற்கைக்கோள்கள் அளந்ததோடு ஒத்துப் போகிறது. இது வெறும் கற்பனை அல்ல என்று நான் நம்புவதற்கு அந்த ஒப்புமைதான் காரணம். பெருவீக்கத்தை எந்தப் புலம் நடத்தியது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

இப்போது அந்த நான்காவது உறுப்பை மறுபடி எடுங்கள். பொதுச் சார்பியலில் ஈர்ப்பதற்கு ஆற்றல் அடர்த்தி மட்டும் போதாது. அதோடு அழுத்தத்தின் மூன்று மடங்கையும் கூட்ட வேண்டும். தூசுக்கு அழுத்தம் இல்லை, கூட்டுத்தொகை நேர்மம். ஒளிக்கு அழுத்தம் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு. கூட்டுத்தொகை இரண்டு மடங்கு, ஆகவே இன்னும் பலமாக ஈர்க்கும். பெருவீக்கத்தில் அழுத்தம் அடர்த்தியின் அளவே, ஆனால் எதிர்மம். கூட்டிப் பாருங்கள்: குறை இரண்டு மடங்கு. நான்காம் உறுப்பின் குறி தலைகீழாகிறது. இத்தனை நாள் குவியச் செய்துகொண்டிருந்த பொருளே இப்போது தள்ளுகிறது. சுழற்சியின் துணை தேவையே இல்லை. பெருவீக்கம் என்றால் என்ன என்று ஒரே வரியில் கேட்டால், ராய்சௌதுரி சமன்பாட்டின் கடைசி உறுப்பு குறி மாறிய காலம் என்பேன். 1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்கள் காட்டிய இருள் ஆற்றல், இன்று அதே குறிமாற்றம் மெல்ல நடக்கிறது என்பதற்குச் சான்று.

இதில் ஒரு பெரிய விளைவு ஒளிந்திருந்தது. பென்ரோஸும் ஹாக்கிங்கும் அண்டத்துக்குத் தொடக்க ஒருமை உண்டு என்று நிறுவியது அந்த உறுப்பு எப்போதும் ஈர்க்கும் என்ற நிபந்தனையின்மேல். நிபந்தனை உடைந்தால் தேற்றத்தின் பிடி தளரும். அப்படியானால் வீங்கிக்கொண்டேயிருக்கும் ஓர் அண்டம், இறந்த காலத்திலும் முடிவில்லாமல் இருந்திருக்கலாம் அல்லவா? 1980களின் பிற்பகுதியில் இந்த நம்பிக்கை பலருக்கும் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகும் ராய்சௌதுரி இந்த விவாதங்களை விட்டு விலகவில்லை. எந்தவிதமான தொடக்க நிலையிலிருந்தும் பெருவீக்கம் கிளம்புமா என்ற கேள்வியை 1988இல் பிஜன் மோதக்கோடு சேர்ந்து ஒரு கட்டுரையில் எடுத்துக்கொண்டார். 1990இல் ஸ்பெயினின் செனோவியா, சாதாரணப் பொருளை மட்டுமே கொண்டும் ஒருமைப்புள்ளி எதுவும் இல்லாத ஓர் அண்டத்தை விடையாகக் காட்டியபோது துறையே திகைத்தது. ராய்சௌதுரி அதை ஏற்றுக்கொண்டு, அதற்கு விலை என்ன என்று கேட்டார். 1998இல், தன் 74ஆம் வயதில், ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் விடை கொடுத்தார்: சுழற்சியில்லாமல், எல்லாப் பக்கமும் திறந்திருக்கும் ஒரு அண்டம் ஒருமைப்புள்ளிக்குத் தப்ப வேண்டுமானால், வெளி, காலம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் அதன் பொருளடர்த்தி பூச்சியமாக வேண்டும். அதாவது தப்பிய அண்டங்களில் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. நாற்பது ஆண்டுக்கு முன் திறந்த கேள்வியை ஒரு மனிதர் அதே நகரத்தில் உட்கார்ந்து மீண்டும் கையிலெடுத்த விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

பெருவீக்கத்தின் இறந்த காலம் பற்றிய வழக்கும் நடந்துகொண்டிருந்தது. 1994இல் அரவிந்த் போர்டேயும் அலெக்சாண்டர் விலென்கினும், பெருவீக்கம் பின்னோக்கி முடிவில்லாமல் போகாது என்று குவிதல் வாதத்தைக் கொண்டே நிறுவினார்கள். பெருவீக்கத்தின் குவாண்டம் ஏற்ற இறக்கங்கள் தாங்கள் எடுத்துக்கொண்ட நிபந்தனையையே மீறலாம் என்பதை 1997இல் அவர்களே கண்டுபிடித்தார்கள். 2003இல் கூத்தையும் சேர்த்துக்கொண்டு மூவருமாக எந்த ஆற்றல் நிபந்தனையும் இல்லாமல் மறுபடி வந்தார்கள்: ஒரு அண்டம் சராசரியாக விரிந்துகொண்டே வந்திருந்தால் போதும், அதன் பாதைகள் பின்னோக்கி ஏதோ ஓர் எல்லையில் நின்றாக வேண்டும். பொருள் என்ன, அழுத்தம் என்ன என்று கேட்காமல், பாதைகள் எப்படி விலகுகின்றன என்று மட்டும் பார்க்கும் வாதம் அது. 1955இன் நான்கு பக்கங்களைப் படித்தவர்களுக்கு அந்த அணுகுமுறை பழக்கமானதாகவே இருக்கும்.

ராய்சௌதுரி 2005 ஜூன் 18 அன்று கொல்கத்தாவில் காலமானார். பென்ரோஸுக்கு 1965ஆம் ஆண்டு வேலைக்காக நோபல் பரிசு கிடைத்தது 2020இல்.

பெருவீக்கம் முடிந்தபின் அண்டம் கொதிக்கும் குழம்பாக நிரம்பியது. அப்போது பிறந்த குவார்க்குகளும் குளுவான்களும் சில மைக்ரோநொடிகள்வரை கட்டுப்படாமல் திரிந்தன. அந்த மைக்ரோநொடிகளை ஆய்வகத்தில் மறுபடி உண்டாக்கிப் பார்க்க, கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் இருக்கும் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தினர் ஜெனிவாவின் ஆலிஸ் சோதனைக்காக ஒரு ஃபோட்டான் உணர்கருவியைக் கட்டினார்கள். அடுத்த இதழில் அங்கே போவோம்.